ஜாக்கெட்டுக்குள் வைத்த வேட்டி

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் மேல் துணியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கையில் ஜரிகை எந்த இடத்தில் வர வேண்டும், முதுகில் கயிறு வைக்கலாமா என்று போனில் படம் காட்டிக் காட்டிச் சொல்வார்கள். லைனிங் என்ன போடட்டும் என்று கேட்டால் மட்டும், "எதனா மேட்சா போட்டுடு" என்பார்கள். உடம்பில் படப்போவது அந்த 'எதனா'தான் என்பது அவர்களுக்குத் தோன்றாது.

நான் உத்திரமேரூரில் வீட்டிலேயே வைத்துத் தைக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். கடைக்குப் போனால் பேரம் பேச வராது, வேண்டிய நிறத்தைக் கை காட்டிவிட்டு நிற்பேன். ஆனால் லைனிங் துணியைப் பார்க்காமல் வாங்க மாட்டேன். விரலால் தொட்டுப் பார்ப்பதில் எனக்குப் பயன் இல்லை. ஊசி குத்திக் குத்தி விரல் நுனி மரத்துவிட்டது, அதற்கு எல்லாத் துணியும் ஒன்றுதான். முழங்கை மடிகிற இடத்தில், உட்பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். பிறகு கைக்குட்டை நுனியை நனைத்துத் துணியில் அழுத்துவேன், சாயம் ஏறுகிறதா என்று. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்டுவேன். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி மேல் துணியை இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நான் யாரையும் தொட்டு அளவெடுப்பதில்லை. கூச்சம். இன்னொரு பெண்ணின் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, அவள் மூச்சு என் முகத்தில் படும்படி நிற்பது எனக்கு முடியாத காரியம். நல்லவேளையாக எங்கள் பக்கம் அதற்குத் தேவையும் இல்லை. சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைத் தரையில் விரித்து அளந்து புதியதைத் தைத்துவிடலாம். ஆள் எதிரில் நிற்க வேண்டியதே இல்லை.

என் அண்ணியைத்தான் நான் முதன்முதலாகத் தொட்டு அளந்தேன்.

அண்ணன் வீடு பெருநகர் என்கிற கிராமத்தில். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. ஒரே பெண். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஐயங்கார்குளத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை. பெண் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லிப் போனார்கள். அந்த வாரமே அண்ணி குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை என்று முதலில் விட்டுவிட்டார். அண்ணன்தான் வற்புறுத்தி அழைத்துப் போனார்.

ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு பேருக்கு அந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பெண்ணிடமும் அதையே சொன்னார்கள். விஷயம் தெரிந்தது அண்ணனுக்கும் எனக்கும்தான்.

"அம்மாளுக்கு இந்த நோவுன்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க பாப்பா" என்றார் அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், எனக்குத் தலை நரைத்த பிறகும். "ஐயங்கார்குளத்துக்காரங்க காதுல விழுந்தா தட்ட திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் எவன் வருவான் எம்பொண்ணுக்கு?"

 அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும்.

நிச்சயம் நடந்தது. அதற்குப் பிறகு காஞ்சிபுரத்தில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தார்கள். தினம் பஸ் ஏறிப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்டால் கல்யாணச் சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்வார் அண்ணி. அதனால் ஒவ்வொரு நாளும் திரும்பும்போது ஒயர் கூடையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு நாள் குங்குமச் சிமிழ், ஒரு நாள் கிண்ணம், ஒரு நாள் ஒன்றும் தோன்றாமல் பஸ் ஸ்டாண்டில் ஒரு விளக்குமாறு. "விளக்கமாறு வாங்க காஞ்சிபுரமா" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்ததை அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது இடது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்குளிலிருந்து மார்பு வரை தோல் கருத்து உரிந்து, ஈரமாக இருந்தது.

ஊசி மருந்தையும் கூடவே ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் முடி கொட்டும் என்று தெரிந்ததும், அதை மட்டும் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணி தள்ளிவிட்டார். அண்ணன் சண்டை போட்டுப் பார்த்தார். மொட்டைத் தலையோடு எந்த அம்மா மணவறையில் நிற்பாள் என்று கேட்டார் அண்ணி. 

இப்படி இருக்கும்போதுதான் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. பெண்ணின் அம்மாவுக்கு முகூர்த்தப் பட்டு அவர்கள் எடுத்துக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். புடவை எடுத்தாகிவிட்டது, ஜாக்கெட்டையும் தங்கள் டெய்லரிடமே தைத்துத் தருகிறோம், ஒரு அளவு ஜாக்கெட் அனுப்புங்கள் என்றார். ஆசையாகச் செய்கிற காரியம், மறுக்க முடியாது. அண்ணி பழைய ஜாக்கெட் ஒன்றை மடித்து அனுப்பினார். ஆபரேஷனுக்கு முன்னால் போட்டது. வேறு எதை அனுப்புவது?

தைத்து வந்த ஜாக்கெட்டை அண்ணி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அரக்குப் பட்டு, கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை. உள்ளே அதே நிறத்தில் பளபளவென்று சாட்டின் லைனிங். நல்ல கை. ஓரமெல்லாம் சுத்தமாக மடித்திருந்தார் அந்த டெய்லர். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தோம். இடது கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை வீங்கியிருந்தது. இழுத்து ஏற்றியதும் அண்ணி பல்லைக் கடித்தார். சாட்டின் தோலில் ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது பார்த்தேன், பளபளப்பில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பட்டுக்கும் வந்திருக்கும். இடது பக்கத் துணி காற்றுப்போன பையைப் போலத் தொங்கியது.

"இன்னா பண்றது பாப்பா?" என்றார்.

"உள்துணிய மாத்திடலாம் அண்ணி."

"மேல தெரியக்கூடாது. அந்தம்மா கண்ணு எல்லாத்தையும் பாக்கும். அவங்க டெய்லர் தையல பிரிச்சிக்கிதுன்னு தெரிஞ்சா ஏன்னு கேப்பாங்க."

அவரை நிற்கவைத்து டேப்பை எடுத்தேன். அந்த உடம்புக்கு அளவு ஜாக்கெட் என்று ஒன்று கிடையாது.  அண்ணி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தையல் போட்ட வடு அக்குள் வரை போயிருந்தது. அதன் மேல் டேப் படாமல் காற்றில் பிடித்து அளந்தேன்.

"கூச்சமாக்கீதா உனக்கு?" என்று கேட்டார். நான் அளவைக் குறித்துக்கொண்டேன். "எனக்கே இன்னும் பாக்க கூச்சமாத்தான் கீது" என்றார்.

லைனிங்குக்காகக் கடைக்குப் போனேன். அரக்கு நிறத்துக்குப் பொருத்தமாக நாலு வகை எடுத்துப் போட்டார் கடைக்காரர். நனைத்த கைக்குட்டையை அழுத்தினால் நாலும் சிவப்பாக ஊறின. அந்த நிறத்துக் குணம் அது. புண்ணில் சாயம் இறங்கும். சாயமே இல்லாத வெள்ளை மல் துணியை வாங்கினேன். ஊறவைத்து, கஞ்சி போகக் கசக்கி, காயவைத்து, மறுபடியும் ஊறவைத்தேன். என் முழங்கை மடிப்பில் தேய்த்தால் பூ மாதிரி இருந்தது. அடுத்த முறை அண்ணி வந்தபோது தோளில் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். திரும்பி வந்தபோது அதை எடுத்துக் கீழே வைத்திருந்தார். "அறுக்குது பாப்பா" என்றார். எனக்கு மெத்தென்று இருந்தது அவருக்கு அறுத்தது.

புதுத் துணியில் இதற்கு மேல் மெல்லியது எனக்குத் தெரியாது. அண்ணன் கட்டிக் கிழிகிற பதத்தில் இருக்கும் பழைய வேட்டிதான் இதற்குச் சரி என்று நினைத்தேன். சொல்லத் தயங்கி, பிறகு சொன்னேன்.

அண்ணிக்குக் கோபம் வந்தது. "பழசா? கல்யாணத்துல, சம்பந்தி வூட்டு புதுத்துணிக்குள்ள பழச வச்சி தைப்பியா நீ? எங்க பொண்ணுக்கு ஆகணுமா வேணாமா?"

நல்ல காரியத்துக்குப் பழந்துணி ஆகாது. எங்கள் பக்கம் புதுத் துணியாக இருந்தாலும் மூலையில் மஞ்சள் தடவாமல் கட்ட மாட்டோம். கிழிந்த வேட்டி என்றால் மாடு துடைக்க, அடுப்பில் பாத்திரம் இறக்க. அண்ணி எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து என் மிஷின் மேல் வைத்தார். எத்தனையோ வருஷம் கொல்லைக் கல்லில் அடித்துத் துவைத்து, வெள்ளை போய்ப் பழுப்பேறி, கையில் எடுத்தால் எடையே இல்லாத துணி. ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. பழசைப் புதுசாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"மஞ்சா வச்ச எடம் உள்ளயே இருக்கட்டும். வெட்டிப் போட்டுடாத" என்றார்.

அந்த ஜாக்கெட்டின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சாட்டினை முழுவதும் எடுக்கவில்லை. கழுத்து, கைவாய், இடுப்பு ஓரங்களில் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே விட்டேன். புடவை விலகினால் வெளியே தெரிவது அவ்வளவுதான், அது அவர்கள் டெய்லர் வைத்ததாகவே இருக்கும். உள்ளே மிச்சம் எல்லாம் வேட்டித் துணி, இரண்டு மடிப்பாக. பிசிறும் தையல் முடிச்சும் பட்டுப் பக்கம் போகும்படி திருப்பித் தைத்தேன். தோல் பக்கம் நூலே படாது. கையில் அந்த டெய்லர் நிறையத் துணி உள்ளே விட்டிருந்தார். அதைப் பிரித்து இடது கையை மட்டும் அகலப்படுத்தினேன். இடது மார்புப் பக்கம் வேட்டியிலேயே ஒரு பை வைத்து, அதற்குள் இலவம்பஞ்சும் கனத்துக்குக் கொஞ்சம் கேழ்வரகும் போட்டுத் தைத்த ஒரு திண்டைச் செருகினேன். வெறும் பஞ்சு என்றால் மேலே ஏறிக்கொள்ளும். மஞ்சள் மூலை அந்தப் பைக்கு மேல் வந்தது.

அண்ணி போட்டுக்கொண்டு நின்றார். உட்கார்ந்தார். வலது கையைத் தூக்கினார். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"படவே இல்ல பாப்பா" என்றார். "ஒண்ணுமே படல."

கல்யாணம் உத்திரமேரூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நல்ல வெயில் காலம். ஓமப் புகையில் எல்லார் முகத்திலும் வேர்வை வழிந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து மணப்பெண்ணைப் பார்க்காமல் அண்ணியின் இடது அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் வரவில்லை.

சம்பந்தியம்மா பெரிய உடம்புக்காரர், குரலும் பெரிது. தாலி கட்டி முடிந்ததும் அண்ணியின் தோளைப் பிடித்துத் திருப்பித் தன் தங்கையிடம் காட்டினார். "பாரு, எங்க டெய்லரு கைய பாரு. எப்டி ஒக்காந்துக்கிது பாரு. உனக்கும் அதே ஆளுதான் தெச்சாரு, மூட்ட கட்னாப்புல கீது."

"மூட்டய வச்சிக்கினு டெய்லர சொன்னா?" என்றார் அந்தத் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள், அண்ணியும்.

"கை இன்னா சம்பந்தி வீங்கிக் கீது?"

"கொளவி கொட்டிச்சி. கல்யாண வூட்ல பந்தக்கால்ல கூடு கட்டிக்கினு."

"சுண்ணாம்பு வெக்கலயா?"

"வச்சேன், வச்சேன்."

பெண் புகுந்த வீட்டுக்குப் போனாள். அண்ணி ஜாக்கெட்டைக் கழற்றி, திண்டோடு அப்படியே மடித்து பீரோவில் வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு என்று சொன்ன ஊசிக்கு உடனே போகவில்லை. மறுவீடு, தாலி பிரித்துக் கோர்ப்பது, ஆடிச் சீர் என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் சம்பந்தி வீட்டார் வருவார்கள், தலையில் முடி இருக்க வேண்டும். கடைசியில் போனபோது நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நோய் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டார்கள். ஆனால் முடி கொட்டுவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. மார்கழியில் அண்ணி போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி என்று வெளியில் சொன்னோம்.

சுமங்கலி என்பதால் குளிப்பாட்டிப் பட்டு கட்ட வேண்டும். சம்பந்தியம்மா கோடித் துணியோடு வந்திருந்தார். "கல்யாணத்துக்கு நாங்க எட்த்த பொடவயே கட்டுங்க. அவங்களுக்கு அது ரொம்ப புடிக்கும்" என்றார். விறைத்த உடம்புக்கு ஜாக்கெட் மாட்ட முதுகுப் பக்கம் நடுவில் வெட்ட வேண்டும். கத்திரி பிடிக்கிறவள் நான்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளறையில் நானும், கூட யாரையும் விட வேண்டாம் என்று கதவோரம் அண்ணனும். நான் ஜாக்கெட்டின் முதுகை வெட்டினேன். பட்டு, அதற்கடியில் வேட்டி, இரண்டு மடிப்பு. கத்திரி மெதுவாகத்தான் போயிற்று.

சம்பந்தியம்மாவை அண்ணனால் தடுக்க முடியவில்லை. "நான் ஒரு கை புடிக்கிறேன்" என்று உள்ளே வந்துவிட்டார். உடம்பில் துணி போர்த்தியிருந்தது. கை இரண்டையும் நுழைத்து முன்பக்கம் இழுத்து அவரே ஹூக் மாட்டப் போனார். மாட்டப் போன கை நின்றது. ஓரத்தை மடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டார். திண்டு வெளியே வந்தது. அழுத்தினார், கேழ்வரகு நெரியும் சத்தம் கேட்டது.

"இது எங்க டெய்லர் வச்சது இல்லியே."

"இல்லீங்க."

போர்த்தியிருந்த துணியை லேசாக விலக்கிப் பார்த்தார். மறுபடியும் மூடினார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே."

"நெஞ்சுல சளின்னு சொன்னீங்களே."  வெளியே பெண் அழுதுகொண்டிருந்தது கேட்டது. கதவைப் பார்த்துத் தலையசைத்து, "அவளுக்கு?" என்றார்.

"தெரியாதுங்க."

அவர் வேட்டித் துணியின் மஞ்சள் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பீரோவிலேயே இருந்ததால் நிறம் மங்கவில்லை. பிறகு திண்டைப் பைக்குள் வைத்தார். ஒவ்வொரு ஹூக்காக மாட்டினார். முந்தானையை இழுத்து மூடினார்.

"எங்கள ஏமாத்திட்டீங்க" என்றார். "வெளிய யாருகிட்டயும் மூச்சு வுடாத. இப்ப எங்க வூட்டு மானமும் இதுல கீது."

அண்ணன் கதவோரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

சம்பந்தியம்மா யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணைத் திருப்பி அனுப்பவும் இல்லை. பெண்ணிடம் மட்டும், காரியம் எல்லாம் முடிந்த பிறகு, நடு வீட்டில் உட்காரவைத்துச் சொன்னாராம். அவள் என்னிடம் வந்து, "எங்கிட்ட கூடவா அம்மா சொல்லல, அத்த?" என்று கேட்டாள். அண்ணிக்குப் பதிலாக நான்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு ஜாக்கெட் தைக்க, போன வாரம் பட்டுத் துணியோடு வந்தாள். முகம் ஊதி அழகாக இருந்தாள்.

"எங்க மாமியார்தான் அனுப்னாங்க. லைனிங்க உங்க அத்தையே பாத்து வெக்கட்டும்னு சொன்னாங்க."

அதை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். மனம் இறங்கிச் சொன்னதா, குத்திச் சொன்னதா, தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

"நல்லா பாத்துக்கிறாங்களா?"

"பாத்துக்கினேதான் கீறாங்க" என்றாள். "ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போறாங்க. ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றாரு. வெளிய வந்தா ஒண்ணும் இல்லன்னு அவங்க சந்தோஷமா கீறாங்களான்னு பாக்கறேன், அப்டியும் இல்ல. நான் குளிச்சிட்டு வந்தா என்னயே பாக்கறாங்க. பையன் பொறக்கணும்னு வேண்டிக்கிறாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"அது வேணாம். இப்ப உடம்பு மாறிக்கிதில்ல. நில்லு" என்றேன்.

அவள் காலண்டர் பக்கம் திரும்பி நின்றாள். நான் டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டேன். அளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை. இடது அக்குளுக்குக் கீழே, மரத்துப்போன விரல்களால், மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள்.

"நீயும் பாக்கிறியா அத்த?" என்றாள்.

டேப்பை உருவிக்கொண்டேன். அளவுதான் எடுக்கிறேன் என்று சொன்னேன். அவள் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளுக்காக வாங்கிய மல் துணி இப்போது கொல்லையில் வாளியில் ஊறுகிறது. நாளைக்குக் காயவைக்க வேண்டும்.